பந்தயமும் பண்டமும்

அனைத்துலக மோட்டார்ப் பந்தய உலகிலே அண்மைக் காலத்திற் பெருவழக்குப் பெற்றுவிட்ட சொற்களுள் ஒன்று ‘சமநிலை’ என்பதாகும். மரபும் பேணப்படல் வேண்டும், வணிகமும் வளர்தல் வேண்டும், இரண்டிற்குமிடையே சமநிலை காணப்படல் வேண்டும் என்று பந்தயத்தை நடத்துவோரும், அதனைப் பற்றி எழுதுவோரும், அதிற் பணமிடுவோரும் ஒரே குரலிற் கூறிவருகின்றனர். கேட்பதற்கு இனிய கூற்று. மறுத்துரைக்க எவரும் முன்வரார். ஆயின் எவரும் மறுக்காத கூற்று எதனையும் கூறாத கூற்றாகவும் இருத்தல் கூடும். தராசின் தட்டுகளில் இடப்படுபவை எவை, தராசைப் பிடித்திருக்கும் கை யாருடையது என்னும் வினாக்களை எழுப்பாது சமநிலை பற்றிப் பேசுதல், நிறுப்பவன் சொன்ன நிறையை அப்படியே ஏற்றுக்கொள்வதற்கு ஒப்பானதாகும். போர்மியூலா வன் எனப்படும் உலகச் சம்பியன் போட்டியின் வரலாற்றையும் இன்றைய நிலையையும் ஆதாரமாகக் கொண்டு இவ்வாதத்தின் உள்ளீடு யாதென ஆராய்வது பயனுடையது.

இப்போட்டி 1950 மே 13ஆந் திகதி பிரித்தானியாவின் சில்வர்ஸ்ரோன் திடலிலே தொடங்கியது. அவ்வாண்டு நடைபெற்ற பந்தயங்கள் ஏழே. அவற்றுள் ஆறு மேற்கு ஐரோப்பாவிலும் ஒன்று ஐக்கிய அமெரிக்காவின் இந்தியானாபொலிசிலும் இடம்பெற்றன. 2024, 2025 ஆகிய ஆண்டுகளிலோ ஐந்து கண்டங்களில் ஆண்டொன்றுக்கு 24 பந்தயங்கள் நடைபெற்றன. 2017 இல் ஏறத்தாழ 1,780 மில்லியன் டொலராக இருந்த இதன் ஆண்டு வருமானம் 2024 இல் 3,400 மில்லியன் டொலரைத் தாண்டியது. பந்தயங்கள் பெருகின, பணம் பெருகியது, பார்ப்போர் தொகையும் பெருகியது. இவ்வளர்ச்சியை மறுத்தற்கில்லை. வளர்ந்தது எது, அவ்வளர்ச்சியின் விலையைச் செலுத்தியவர் யாவர் என்பதே கேட்கப்படல் வேண்டிய வினா.

இவ்வினாவிற்கு மரபுவாதிகள் விரைந்து ஒரு விடை கூறுவர். ஒருகாலத்திற் பந்தயம் தூய வீரவிளையாட்டாக இருந்ததென்றும், பின்னர் வணிகர் புகுந்து அதனைக் கெடுத்துவிட்டனர் என்றும் அவர்கள் கருதுவர். வரலாறு இக்கருத்திற்கு இடங்கொடுப்பதாக இல்லை. 1894 இல் பாரிசிலிருந்து ரூவான் நகர்வரை மோட்டார் வண்டிகளை ஓடச்செய்தது ‘லு பெத்தி ஜேர்னல்’ என்னும் பத்திரிகை. பத்திரிகை விற்பனையாகாத ஒரு காரியத்தை அதன் உரிமையாளர் மேற்கொண்டிருப்பார் எனக் கொள்வதற்கில்லை. 1900 முதல் 1905 வரை நடைபெற்ற கோர்டன் பெனற் கிண்ணப் போட்டியும் பத்திரிகை அதிபர் ஒருவரின் பெயரையே தாங்கியது. அப்போட்டியில் ஒரு நாட்டிற்கு மூன்று வண்டிகளே அனுமதிக்கப்பட்டன. மோட்டார் உற்பத்தியில் அந்நாளில் முன்னணியில் நின்ற பிரெஞ்சு உற்பத்தியாளர்கட்கு இவ்வரையறை உவப்பாக இருக்கவில்லை. ஆகவே 1906 இல் லெமான் நகரிலே தமக்கென ஒரு போட்டியை அவர்கள் வகுத்துக்கொண்டனர். கிராண்ட் பிரீ என்னும் பெயர் நிலைபெற்றது அவ்வாறே. 1909 இல் இந்தியானாபொலிஸ் திடலை எழுப்பியவருள் முதல்வர் வாகன விளக்குத் தொழிலில் ஈடுபட்டவர். மரபு என்று இன்று போற்றப்படுவதன் அடித்தளத்திலே வணிகம் தொடக்கந்தொட்டே இருந்து வந்துள்ளமை இவற்றாற் புலனாகின்றது.

அவ்வாறாயின் அன்றைய நிலைக்கும் இன்றைய நிலைக்கும் வேறுபாடு இல்லையா? உண்டு, அடிப்படையான வேறுபாடு உண்டு. அன்றைய வணிகர் பந்தயத்தைக் கொண்டு வேறொன்றை விற்றனர். வண்டி விற்றவர், சக்கர றப்பர் விற்றவர், எண்ணெய் விற்றவர், பத்திரிகை விற்றவர் யாவருக்கும் பந்தயம் ஒரு பரீட்சைக் களமாக இருந்தது. பரீட்சை கடினமாக இருந்தாலன்றி அதில் தேறியவனுக்கு மதிப்பில்லை. ஆகவே பந்தயத்தின் கடுமையும் உண்மையும் அவ்வணிகரின் சொந்த நலனாலேயே காக்கப்பட்டன. இன்று விற்கப்படுவது பந்தயமேயாகும். பந்தயத்தைக் காட்டும் உரிமை, பந்தயத்தை நடத்தும் உரிமை, பந்தயத்தின் பெயரைப் பொறிக்கும் உரிமை ஆகியனவே இன்றைய பண்டங்கள். பரீட்சையை விற்பவனுக்குப் பரீட்சை கடினமாக இருத்தல் வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. அது கடினமானதாகத் தோன்றினாற் போதும். மரபுக்கு நேர்ந்த ஊறு வணிகம் வந்தமையாலன்று. வணிகத்தின் பொருள் மாறியமையால் நேர்ந்ததாகும். சமநிலை பேசுவோரும் பழமை பேசுவோரும் ஒருங்கே காணத்தவறும் உண்மை இதுவே.

இம்மாற்றம் ஒரே நாளில் நிகழ்ந்ததன்று. 1968 வரை வண்டிகள் தத்தம் நாட்டு நிறத்தையே பூண்டிருந்தன: பிரித்தானியாவிற்குப் பச்சை, பிரான்சிற்கு நீலம், இத்தாலிக்குச் சிவப்பு. அவ்வாண்டு லோட்டஸ் அணி சிகரெற் பெட்டியொன்றின் நிறங்களைப் பூண்டு களமிறங்கியது. அதே ஆண்டு பிரித்தானியப் பந்தயத்தில் ரொப் வோக்கர் என்னும் தனியார், உற்பத்தியாளரிடமிருந்து பெற்ற வண்டியொன்றைக் கொண்டு வெற்றியீட்டினார். ஜோ சிபேர்ட் அதன் சாரதி. தனியார் ஒருவரின் சிற்றணி பெற்ற இறுதி வெற்றி அதுவெனக் கூறுவர். ஒரே ஆண்டில் ஒரு காலம் முடிந்து மறுகாலம் தொடங்கியமை விதந்து கூறத்தக்கது. பின்னர் பிரபாம் அணியின் உரிமையாளராகப் பந்தயத்துட் புகுந்த பேர்னி எக்கிள்ஸ்ரன், அணிகளை ஒன்றுதிரட்டித் திடல் உரிமையாளரோடும் தொலைக்காட்சி நிலையங்களோடும் பேரம் பேசும் வலுவைப் பெற்றார். 1981 இல் கைச்சாத்தான கொன்கோட் உடன்படிக்கை அவ்வலுவிற்குச் சட்ட வடிவம் கொடுத்தது.

இவ்வரலாற்றின் உச்சம் 2001 இல் நிகழ்ந்தது. விளையாட்டின் காவலனாக விளங்க வேண்டிய அனைத்துலக மோட்டார்வாகனச் சம்மேளனம், 2011 முதல் 2110 வரையான நூறு ஆண்டுகட்குரிய வணிக உரிமைகளை 300 மில்லியன் டொலருக்குச் சற்று மேற்பட்ட தொகைக்குக் கைமாற்றியது. 2024 ஆம் ஆண்டின் மொத்த வருமானம் மட்டும் இத்தொகையின் பத்து மடங்கிற்கு மேற்பட்டது. காவலன் வீட்டை ஒரு நூற்றாண்டிற்குக் குத்தகைக்கு விட்டுவிட்டு வாயிலில் நின்று விதிகளை வாசிக்கும் நிலை இதுவாகும். உரிமை பின்னர் முதலீட்டு நிறுவனமொன்றின் கைக்குச் சென்று, 2017 சனவரியில், கடன்களும் உட்பட 8,000 மில்லியன் டொலர் மதிப்பில், அமெரிக்காவின் லிபேர்ட்டி மீடியா நிறுவனத்தை அடைந்தது. கைமாறிய ஒவ்வொரு முறையும் விலை ஏறியது. ஏறிய விலையை மீட்கும் சுமை இறுதியில் திடல்களின் மீதும் பார்வையாளர் மீதும் சென்று சேர்ந்தது.

அச்சுமை எவ்வாறு ஏற்றப்படுகின்றது என்பதைச் சில்வர்ஸ்ரோன் திடலின் கணக்குத் துலாம்பரமாக்கும். ஒரு திடல் உலகப் பந்தயத்தை நடத்துவதற்கு உரிமையாளருக்கு ஆண்டுதோறும் கட்டணம் செலுத்தல் வேண்டும். தொலைக்காட்சி வருமானமோ, ஓடுபாதையோர விளம்பர வருமானமோ, செல்வர்க்கான விருந்து மண்டபங்களின் வருமானமோ பொதுவாகத் திடலைச் சேர்வதில்லை. நுழைவுச் சீட்டே அதன் பிரதான வருமானம். சில்வர்ஸ்ரோன் 2010 இல் செலுத்திய கட்டணம் 11.5 மில்லியன் பவுண். ஒப்பந்தத்தின்படி ஆண்டுதோறும் நூற்றுக்கு ஐந்து வீதம் அது கூடியது. கூட்டுவட்டியின் இயல்பு கடன்பட்டோர் யாவரும் அறிந்ததே. 2017 இல் கட்டணம் 16.2 மில்லியன் பவுணாயிற்று. 2026 இல் அது 25 மில்லியனைத் தொட்டிருக்கும். 2015 இல் 2.8 மில்லியன், 2016 இல் 4.8 மில்லியன் என நட்டமடைந்த பிரித்தானியப் பந்தயச் சாரதிகள் கழகம், 2017 இல் ஒப்பந்தத்தை முறிக்கும் உரிமையைப் பயன்படுத்தியது. மைதானம் நிரம்பி வழிந்த ஒரு பந்தயம் நட்டத்தில் ஓடியமை சிந்திக்கற்பாலது. மக்கள் ஆதரவு குன்றியதால் அந்நட்டம் ஏற்படவில்லை. மக்கள் ஆதரவு எவ்வளவு பெருகினும் ஈடுகொடுக்க முடியாத ஒரு வாய்பாட்டினாலேயே ஏற்பட்டது. 2019 இல் புதிய ஒப்பந்தம் செய்யப்பட்டதும், 2024 இல் அது 2034 வரை நீட்டப்பட்டதும் உண்மையே. எனினும் போட்டி பிறந்த திடலே முறித்துக்கொண்டு போவதாக அறிவித்த பின்னர்தான் பேச்சு நிகழ்ந்தது என்பதை மறத்தலாகாது.

ஏனைய நாடுகள் அவ்வளவு பேறு பெறவில்லை. கிராண்ட் பிரீ என்னும் சொல்லையே தந்த பிரான்சு 2009 முதல் 2017 வரை பந்தயமின்றி இருந்தது. 2018 இல் மீண்டும் பெற்றது. 2022 உடன் மீண்டும் இழந்தது. மைக்கல் ஷூமாக்கர் ஏழு முறையும், செபஸ்தியன் வெட்டல் நான்கு முறையும், நிக்கோ ரொஸ்பேர்க் ஒரு முறையுமாகப் பன்னிரண்டு உலகப் பட்டங்களை ஈட்டிய ஜேர்மனியிலே 2020 இன் பின் 2025 வரை ஒரு பந்தயந்தானும் நடைபெறவில்லை. பெல்ஜியத்தின் ஸ்பா திடலுக்கு 2025 சனவரியில் வழங்கப்பட்ட ஒப்பந்தத்தில் 2028, 2030 ஆகிய ஆண்டுகள் விடுபட்டுள்ளன. தனியார் நிதியில் இயங்கும் ஒல்லாந்தின் சாண்ட்வூர்ட், 2026 உடன் விலகுவதாக 2024 இல் அறிவித்தது. அதன் பார்வையாளர் மேடைகள் நிரம்பியே இருந்தன. இத்தாலியின் இமோலா 2025 இன் பின் அட்டவணையிலிருந்து நீக்கப்பட்டது. இவற்றை ஒன்றாக வைத்து நோக்குமிடத்து ஓர் ஒழுங்கு புலனாகும். அரசின் கருவூலம் பின்னால் நின்றாலன்றி ஒரு திடல் நிலைத்தல் அரிது என்பதே அவ்வொழுங்கு.

கருவூலத்தோடு வந்தோர் யாவர்? 2004 இல் பஹ்ரெய்ன், 2009 இல் அபுதாபி, 2021 இல் கட்டாரும் சவூதி அரேபியாவும். ஓர் அரசு பந்தயத்திற்குப் பணமிடுவது தன்னளவிற் குற்றமன்று. ஜேர்மனியின் நூர்பேர்க்ரிங் திடலும் 1920 களில் வேலையற்றோருக்குத் தொழில் கொடுக்கும் நோக்குடன் பொதுப் பணத்திலேயே கட்டப்பட்டது. ஆயின் அப்பணம் ஒரு மலைப்பிரதேசத்திற்குத் தொழிலையும், பொதுமக்களும் தம் வண்டியைச் செலுத்தக்கூடிய ஒரு பாதையையும் விட்டுச்சென்றது. இன்று பெருங் கட்டணம் செலுத்தும் அரசுகள் வாங்குவது பாதையை அன்று, நற்பெயரை. 2011 இல் மக்கள் கிளர்ச்சியின் காரணமாகக் கைவிடப்பட்ட பஹ்ரெய்ன் பந்தயம், கிளர்ச்சிக்காரரின் குறைகள் தீராத நிலையிலும் 2012 இல் நடத்தப்பட்டது. 2022 இல் ஜெத்தா நகரிலே பயிற்சி ஓட்டம் நடைபெற்ற வேளையில் அண்மையிலிருந்த எண்ணெய்க் களஞ்சியம் ஏவுகணைத் தாக்குதலுக்கு உள்ளாகிப் புகை எழுந்தது. சாரதிகள் நள்ளிரவு கடந்தும் கூடிப் பேசினர். பந்தயம் குறித்த நாளில் நடைபெற்றது. அக்களஞ்சியத்திற்கு உரிய நிறுவனமே போட்டியின் முதன்மை அனுசரணையாளருள் ஒன்று. இத்தகைய சூழலில் ‘சமநிலை’ எங்கே நிறுக்கப்பட்டது என்று வினவுதல் மிகையாகாது.

இவ்விடத்து ஒரு தடை எழுப்பப்படலாம். பந்தயம் ஐரோப்பாவின் தனியுடைமையா? ஆசியரும் அராபியரும் அமெரிக்கரும் அதனைப் பெறுதல் ஆகாதா? இத்தடை நியாயமானதே, மரபு பேசுவோருட் சிலரின் பேச்சில் ஐரோப்பியச் செருக்கு மறைந்து நிற்பதும் உண்மையே. ஆயின் வணிக விரிவு புதிய நாடுகட்கு அளித்தது யாது என நோக்கின், இன்றைய முறையை வைத்து விரிவை நியாயப்படுத்துவதும் இயலாததாகின்றது. துருக்கியின் இஸ்தான்புல் திடல் 2005 இல் தொடங்கி 2011 இல் இடத்தை இழந்தது. பெருந்தொற்றுக் காலத்தில் வெற்றிடம் நிரப்பவே 2020, 2021 ஆகிய ஆண்டுகளில் அழைக்கப்பட்டது. தென் கொரியாவின் யொங்கம் திடல் 2010 முதல் 2013 வரை நான்கே பந்தயங்களைக் கண்டது. இந்தியாவின் கிரேட்டர் நொய்டாவிற் கட்டப்பட்ட திடல் 2011 முதல் 2013 வரை மூன்றே பந்தயங்களோடு கைவிடப்பட்டது.

இந்தியாவின் கதை சற்று விரித்துரைக்கத்தக்கது. அந்நாட்டில் மோட்டார்ப் பந்தயத்திற்கு வேர் இல்லாமலில்லை. போர்க்கால விமானத்தளமாக இருந்து கைவிடப்பட்ட சோழவரத்திலே சென்னைப் பந்தயக் கழகத்தினர் பல ஆண்டுகள் போட்டிகளை நடத்தினர். சில்வர்ஸ்ரோனும் அத்தகைய விமானத்தளமே என்பது ஈண்டு ஒப்புநோக்கத்தக்கது. பின்னர் 1990 இல் இருங்காட்டுக்கோட்டையில் நிரந்தரத் திடலொன்றும் அமைந்தது. 2005 இல் போர்மியூலா வன்னில் ஓடிய முதல் இந்தியரான நரேன் கார்த்திகேயன் தமிழ்நாட்டைச் சேர்ந்தவர். உலகப் பந்தயம் இந்தியாவிற்கு வந்தபோது இவ்வேரைத் தேடி வரவில்லை. தலைநகரை அடுத்து நிலமும் வீடும் விற்கும் குழுமமொன்றின் திட்டத்தைத் தேடிச் சென்றது. பந்தயம் விளையாட்டா, கேளிக்கையா என்ற வினா வரி விதிப்பில் எழுந்தது. மாநில அரசு கேளிக்கை என்றே கொண்டது. 2017 இல் இந்திய உச்ச நீதிமன்றம் வேறொரு வரி வழக்கில், பந்தய நாட்களில் அத்திடல் வணிக உரிமையாளரின் கட்டுப்பாட்டிலேயே இருந்ததெனக் கண்டு, அந்நிறுவனம் இந்தியாவில் வரி செலுத்தக் கடப்பாடுடையதெனத் தீர்ப்பளித்தது. கட்டியவர் ஒருவர், கடன்பட்டவர் ஒருவர், அறுவடை செய்தவர் பிறிதொருவர் என்பதையே அவ்வழக்கு வெளிப்படுத்தியது. ஐரோப்பாவில் நின்ற மரத்தை வெட்டும் இம்முறை, ஆசியாவில் நட்ட கன்றையும் வேர்விட விடுவதில்லை. எனவே பிணக்கு பழைய நாடுகட்கும் புதிய நாடுகட்கும் இடையிலானதன்று. பந்தயத்தை வைத்திருப்போருக்கும் அதனை விற்போருக்கும் இடையிலானதாகும்.

விற்பவரே நடத்துபவருமாகும்போது நிகழ்வது யாது என்பதை 2023 நவம்பரில் லாஸ் வேகாஸ் காட்டியது. அப்பந்தயத்தை உரிமையாளரே தம் பொறுப்பில் நடத்தினர். வண்டித் தரிப்பிட வளாகத்திற்கான நிலத்திற்கு மட்டும் 240 மில்லியன் டொலர் செலவிடப்பட்டது. முதற் பயிற்சி ஓட்டம் எட்டு நிமிடத்தில் நின்றது. வீதியிலிருந்த நீர்க்குழாய் மூடியொன்று பெயர்ந்து கார்லோஸ் சைன்சின் பெராரி வண்டியைச் சிதைத்தது. திருத்த வேலைகள் நள்ளிரவைக் கடந்தன. இரண்டாவது பயிற்சி அதிகாலை இரண்டரை மணிக்குத் தொடங்கியபோது பார்வையாளர் வெளியேற்றப்பட்டிருந்தனர். அந்த ஒருநாட் சீட்டை வாங்கியோர்க்கு ஈடாக வழங்கப்பட்டது, அப்போட்டியின் கடையிற் பொருள் வாங்க 200 டொலர்ச் சீட்டு. திடலின் குறையாற் சேதமுற்ற பாகங்களை மாற்றியமைக்காக அச்சாரதி பத்து இடங்கள் பின்தள்ளப்பட்டார். பந்தயத்தைப் பார்க்க வந்தவனைப் பந்தயம் பார்க்க விடாது கடைக்கு அனுப்பிய இந்நிகழ்ச்சியை ஒரு விபத்தெனக் கூறி ஒதுக்கலாம். ஆயினும் பார்வையாளன் விளையாட்டின் விருந்தினனா, கடையின் வாடிக்கையாளனா என்ற வினாவிற்கு அன்றிரவு கிடைத்த விடை ஐயத்திற்கு இடமற்றது.

மரபிற்குச் சந்தை இடும் விலையும் அண்மையில் வெளியாயிற்று. 1978 இல் உலகச் சம்பியனான மாரியோ அன்ட்ரெட்டியின் குடும்பப் பெயரைத் தாங்கிய அமெரிக்க அணியொன்று போட்டியிற் சேர விண்ணப்பித்தது. 2023 ஒக்ரோபரிற் சம்மேளனம் அதனைத் தகுதியுடையதெனக் கண்டது. 2024 சனவரியில் வணிக உரிமையாளர் நிராகரித்தனர். அப்பெயரால் போட்டிக்கு வரும் பெறுமதியிலும் போட்டியால் அப்பெயருக்கு வரும் பெறுமதியே அதிகம் என்பது அவர்கள் கூறிய காரணங்களுள் ஒன்று. பின்னர் பெரும் மோட்டார் உற்பத்தி நிறுவனமொன்று தன் பெயரை முன்னிறுத்தியபோது, 2026 ஆம் பருவத்திற்குப் பதினோராவது அணியாக அதே முயற்சி அனுமதி பெற்றது. புதிய அணி ஏனைய அணிகட்கு ஈட்டுத்தொகை செலுத்தல் வேண்டும் என்பதும் உடன்படிக்கையின் விதி. 2021 இல் நடைமுறைக்கு வந்த உடன்படிக்கையில் அது 200 மில்லியன் டொலராக இருந்தது. விரைவாக ஓடக்கூடிய வண்டியைக் கொண்டுவருபவன் போட்டியிடலாம் என்பதே மோட்டார்ப் பந்தயத்தின் முதல் மரபு. ரொப் வோக்கர் இன்று வந்தால் வாயிலைக் கடக்க மாட்டார்.

இவ்வாறு கூறுவதால் பழமை முழுவதையும் போற்றுதல் வேண்டும் என்பதில்லை. மரபுவாதிகள் தம் நினைவிலிருந்து சிலவற்றை வசதியாக அகற்றிவிடுகின்றனர். 1955 இல் லெமானில் 80 இற்கும் மேற்பட்டோர் மாண்டனர், பந்தயம் நிறுத்தப்படவில்லை. 1966 இல் ஸ்பாவில் விபத்துக்குள்ளாகி உயிர்தப்பிய ஜாக்கி ஸ்ரூவர்ட் பாதுகாப்புக்காகக் குரலெழுப்பியபோது, பந்தயத்தின் வீரத்தைக் கெடுப்பவரென அவரைப் பழித்தோர் மரபின் பெயராலேயே பழித்தனர். 1985 இல் நிறவெறி ஆட்சி நிலவிய தென்னாபிரிக்காவில் பந்தயம் நடைபெற்றது. இரு பிரெஞ்சு அணிகள் மட்டுமே விலகி நின்றன. இவையும் மரபே. மரணத்தைப் பொருட்படுத்தாமையும் அநீதியைக் கண்டும் காணாமையும் அன்றே இருந்தன. அவற்றைக் கழித்துவிட்டு எஞ்சுவதே பேணத்தக்கது.

எஞ்சுவது யாது? திடலின் பெயரன்று, பழைய வண்டிகளின் ஊர்வலமும் அன்று. மூன்று பண்புகள் எஞ்சுகின்றன. சாரதியின் திறனை நிலமே பரிசோதிக்கும் ஓடுபாதை ஒன்று. அப்பாதையைச் சூழ வாழும் மக்களும், கழகங்களும், தொழில்நுட்பரும், இளஞ் சாரதிகளும் கொண்ட சமூகம் இரண்டு. தகுதியுள்ளவன் நுழையலாம் என்னும் திறந்த வாயில் மூன்று. இவை எந்நாட்டிலும் தோன்றக்கூடியன. 1962 இல் ஹொண்டா நிறுவனம் தன் வண்டிகளைப் பரிசோதிக்க அமைத்த யப்பானின் சுசூக்கா, இன்று சாரதிகள் பெரிதும் விரும்பும் திடல்களுள் ஒன்று. 1940 இல் திறக்கப்பட்ட பிரேசிலின் இன்டர்லாகோஸ் ஒரு குடியிருப்புத் திட்டத்தின் பகுதியாகவே தோன்றியது. எனினும் சாவோ பாலோ நகரம் எமேர்சன் பிற்றிபால்டியையும் அயர்ட்டன் சென்னாவையும் உலகிற்கு அளித்தது. தோற்றத்தில் வணிகம் இருந்தமை அதனைக் கெடுக்கவில்லை. வேர்விடக் காலம் கிடைத்தமையே அதனை மரபாக்கியது.

புதிய உரிமையாளர் நன்மை எதனையும் செய்யவில்லை எனக் கூறுதல் நேர்மையாகாது. 2021 இல் அணிகளின் செலவிற்கு 145 மில்லியன் டொலர் என உச்சவரம்பு விதிக்கப்பட்டதால், வரம்பின்றிச் செலவிடும் சிலரின் ஆதிக்கம் ஓரளவு தளர்ந்தது. இளைஞரும் பெண்களும் முன்னிலும் பெருந்தொகையினராகப் பந்தயத்தை நாடுகின்றனர். ஆயின் இச்சான்றே சமநிலை வாதத்திற்கு எதிராக நிற்கின்றது. அணிகளின் செலவிற்கு விதிமூலம் வரம்பு கட்ட முடியுமாயின், திடல்களின் கட்டணத்திற்கு அவ்வாறு செய்ய முடியாதது ஏன்? 1950 முதல் எல்லாப் பருவங்களிலும் பங்குபற்றிய ஒரே அணி என்ற நீண்டகால உறவைக் கருதிப் பெராரிக்குத் தனிக் கொடுப்பனவு வழங்கப்படுகின்றது. மரபிற்குப் பணப் பெறுமதி உண்டு என்னும் கொள்கை ஏற்கெனவே ஒப்பந்தத்திற் பொறிக்கப்பட்டுள்ளது. 1950 முதல், ஓராண்டு தவிர, இத்தாலியப் பந்தயத்தை இடையறாது நடத்திய மொன்சாவிற்கு அக்கொள்கை பொருந்தாதது ஏன்? பேரம்பேசும் வலு உள்ளவனின் மரபு உரிமையாகவும், அஃதில்லாதவனின் மரபு கட்டணத்திற்குரிய கடனாகவும் கொள்ளப்படுகின்றது என்பதைத் தவிர வேறு விடை இல்லை.

ஆகவே வேண்டப்படுவது சமநிலை பற்றிய உபதேசமன்று, விதி. முதலாவதாக, ஆண்டுதோறும் கூட்டுவட்டிபோல் ஏறும் கட்டண முறை ஒழிக்கப்பட்டு, நுழைவுச்சீட்டு வருமானத்தின் ஒரு பங்கே கட்டணமாதல் வேண்டும். நிரம்பிய திடல் நட்டமடையும் விந்தை அதனால் நீங்கும். இரண்டாவதாக, மொன்சா, சில்வர்ஸ்ரோன், ஸ்பா, சுசூக்கா, இன்டர்லாகோஸ் போன்ற திடல்கள், கண்டம் பாராது, ஏலத்திற்கு அப்பாற்பட்டவையாக அறிவிக்கப்படல் வேண்டும். மூன்றாவதாக, புதிய நாட்டோடு செய்யப்படும் ஒப்பந்தம் அந்நாட்டின் கீழ்நிலைப் பந்தயங்களுக்கும் இளஞ் சாரதிகட்கும் தொலைக்காட்சி வருமானத்தின் ஒரு பகுதியை ஒதுக்குவதாக அமைதல் வேண்டும். நான்காவதாக, ஓர் அணி தகுதியுடையதா என்பதைத் தீர்மானிக்கும் இறுதி அதிகாரம் சம்மேளனத்திற்கே மீள வேண்டும். ஆண்டு அட்டவணைக்கு ஒப்புதல் அளிப்பதும் உலகச் சம்பியன் என்னும் பட்டத்தை அங்கீகரிப்பதும் இன்றும் சம்மேளனமே. விற்கப்பட்டது வணிக உரிமை, விளையாட்டு விற்கப்படவில்லை. எஞ்சிய அதிகாரத்தைப் பயன்படுத்தும் துணிவு அதற்கு உண்டா என்பதே கேள்வி.

இவையெல்லாம் இலாபத்தைக் குறைக்கும் என்பர். குறைக்கலாம். ஆயின் இலாபம் எதிலிருந்து பிறக்கின்றது என்பதை நினைவுகூர்தல் நன்று. லாஸ் வேகாசில் விற்கப்பட்டது அந்நகரத்து வீதி அன்று. 1981, 1982 ஆகிய ஆண்டுகளில் அதே நகரிலே சூதாட்ட விடுதியொன்றின் வண்டித் தரிப்பிடத்தில் நடைபெற்ற உலகப் பந்தயத்தை விரும்பி நினைவுகூர்வோர் அரியர். அங்கு விற்கப்பட்டது மொன்சாவிலும் ஸ்பாவிலும் சில்வர்ஸ்ரோனிலும் தலைமுறை தலைமுறையாக ஈட்டப்பட்ட மதிப்பே. முதலைச் செலவிட்டு அதனை வருமானமெனக் கணக்கெழுதுபவனைக் கெட்டிக்கார வணிகன் என்று எந்தக் கடைத்தெருவிலும் கூறார். மரபைக் காத்தல் வணிகத்திற்கு இழைக்கும் தியாகமன்று. வணிகம் தான் பட்ட கடனைச் செலுத்துதலேயாகும். அக்கடனைச் செலுத்துமாறு வற்புறுத்தும் அதிகாரம் பந்தயத்தின் காவலருக்கும், குரல் அதன் பார்வையாளருக்கும் உண்டு. இரண்டும் மௌனமாக இருக்கும்வரை தராசு நிறுப்பவனின் பக்கமே சாய்ந்திருக்கும்.